கியர்க் கோலின் தோலுறை

உயிர்களின் உடலைப் பொதிந்து காக்கும் போர்வை தோல் ஆகும். வெயில், காற்று, தூசி ஆகியவை உள்ளே புகாவண்ணம் அது தடுக்கிறது. உயிர் நீங்கிய பின்னும் அதன் தொண்டு நீங்குவதில்லை. முரசின் முகத்தில் அது முழக்கமாகிறது. வழிநடப்பவன் காலில் செருப்பாகிறது. கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் நீரைச் சுமக்கும் பையாகவும் விளங்கியது. பழந்தமிழில் ‘தோல்’ என்னும் சொல் போர்வீரன் ஏந்தும் கேடயத்தையும் குறித்தது. காப்பதே தோலின் இயல்பு என்பதை இச்சொல்லாட்சி நன்கு விளக்கும்.

இயந்திரங்கள் பெருகிய இக்காலத்திலும் தோல் தன் காவற்பணியைக் கைவிடவில்லை. பழைய மோட்டார் வண்டி சிலவற்றில், முன்னிருக்கைகளுக்கு நடுவே தரையிலிருந்து ஒரு கோல் நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். அதுவே கியர்க் கோல். அதன் அடிப்பகுதியைச் சுற்றிச் சிறு கூடாரம் போல ஓர் உறை மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கும். பட்டறைகளில் இதனைக் ‘கியர் பூட்’ என்று வழங்குவர். பெரும்பாலோர் இவ்வுறையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது கிழிந்தாலும் வண்டி ஓடும். ஆதலின் அதனைப் பொருட்படுத்துவாரும் இல்லை. ஆயினும் அச்சிறு உறையின் கிழிசல் சில வேளைகளில் உயிருக்கே ஊறு விளைக்கும் என்பதை அறிதல் வேண்டும்.

கியர்க் கோலின் பணி யாது? எஞ்சின் சுழலும் வேகமும், சக்கரம் சுழல வேண்டிய வேகமும் எப்பொழுதும் ஒன்றாய் இருப்பதில்லை. மேட்டில் ஏறும்போது வண்டிக்கு விசை மிகுதியாக வேண்டும். சமவெளியில் விரைந்து செல்லும்போது வேகம் மிகுதியாக வேண்டும். இவ்விரண்டையும் வேண்டியவாறு மாற்றித் தருவன கியர் பெட்டிக்குள் உள்ள பற்சக்கரங்கள். எந்தச் சக்கரத்தோடு எது இணைய வேண்டும் என்பதை ஓட்டுநர் கோலை அசைத்து ஆணையிடுகிறார். கியர் பெட்டியோ வண்டியின் அடியில் உள்ளது. ஓட்டுநரோ மேலே அமர்ந்துள்ளார். ஆகவே கோல் மேலே வருவதற்குத் தரையில் ஒரு துளை வேண்டும். கோல் முன்னும் பின்னும் இடமும் வலமும் அசைவதால் அத்துளை கோலினும் அகன்றதாகவே இருத்தல் வேண்டும். அத்துளையின் வழியே சாலைத் தூசியும், மழைநீரும், எஞ்சினின் வெப்பமும், இரைச்சலும், புகையும் உள்ளே ஏற முயலும். அசையும் கோலைத் தடுக்காமலும், அசையாத காவலாகவும் நிற்பதே உறையின் கடமை.

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர், பியட் ஆகிய வண்டிகளில் தொடக்கத்தில் கியர்க் கோல் தரையில் இல்லை; திசைதிருப்பும் சக்கரத்தை அடுத்த தண்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. தரையிலிருந்து எழும் கோலைக் கொண்டு புகழ்பெற்ற வண்டிகளுள் ஒன்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலோத்தி உருவம் வகுத்து, இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்னும் வண்டியே இதன் மூலம். சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதனை 1961 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் செய்து விற்றது. அந்நிறுவனம் இன்று இல்லை. ஆயினும் தமிழ்நாட்டு மண்ணில் உருவான அவ்வண்டிகளுள் சிலவற்றை அவற்றின் உரிமையாளர் இன்றும் பேணி வருகின்றனர். கடைகளில் உதிரிப் பொருள்கள் எளிதில் கிடைக்காமையால், கெட்டதைக் கையாலேயே செய்துகொள்ள வேண்டிய நிலை அவர்களுக்கு உண்டு.

அத்தகைய வண்டி ஒன்று சத்துவாச்சாரிக்கு வந்ததாகக் கொள்க. வேலூரின் கிழக்கே, சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது சத்துவாச்சாரி. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள இடமும் அதுவே. முன்பு தனி நகராட்சியாக இருந்த அவ்வூர் 2011-ஆம் ஆண்டு வேலூர் மாநகராட்சியோடு இணைந்தது. அங்கே, வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கும் சிறு கடை ஒன்றில், முதியவர் ஒருவர் தொழில் செய்துவந்தார். ஊரார் அவரைப் ‘பாய்’ என்றே அன்புடன் அழைப்பர். ஒரு நாட்காலையில் கல்லூரி மாணவன் ஒருவன் தன் தாத்தாவின் ஹெரால்டு வண்டியை ஓட்டிவந்து அவர் கடை முன் நிறுத்தினான்.

“பாய், கியர் உறை கிழிந்துவிட்டது. அழகாக ஒன்று தைத்துத் தாருங்கள். மாலைக்குள் முடியுமா?” என்று அவன் கேட்டான்.

முதியவர் உடனே அளவு நாடாவை எடுக்கவில்லை. வண்டியின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். சற்று நேரம் அப்படியே இருந்தார்.

“தம்பி, இந்த வண்டியில் நெடுந்தொலைவு போனால் தாத்தாவுக்குத் தலைவலி வருகிறதா?” என்று வினவினார்.

இளைஞன் வியப்புற்றான். “ஆம் பாய். வேலூரிலிருந்து ஆம்பூர் போய் வந்தாலே தலைவலி என்கிறார். மயக்கம் வருகிறது என்கிறார். வயதாகிவிட்டது என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்” என்றான்.

“வயதின்மேல் பழி போடுவது எளிது. முதலில் வண்டியைப் பார்ப்போம்” என்றார் முதியவர்.

அவர் ஐயுற்றது காரணத்தோடுதான். எஞ்சினிலிருந்து வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உட்செல்லும் அவ்வாயு, குருதியிலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்கிற்கும் மேற்பட்ட வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. பற்றிய இடத்தை எளிதில் விடுவதில்லை. ஆகவே உடலின் உறுப்புகள் உயிர்வளி பெறாமல் வாடுகின்றன. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை அதன் முதல் அறிகுறிகள். அளவு மிகுந்தால் உயிரே நீங்கும். புகைக்குழாயின் இணைப்பு தளர்ந்து, தரையின் துளையும் திறந்திருந்தால், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் செல்லும் வண்டிக்குள் இந்நஞ்சு மெல்லப் புகுந்து நிறையும். கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாமல் வருவதே அதன் கொடுமை.

எஞ்சின் ஆறும்வரை முதியவர் காத்திருந்தார். பின்னர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடையை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளை வைத்தார். கியர்க் கோலை எந்தக் கியரிலும் சேராத நடுநிலையில் நிறுத்தினார். கோலின் தலையிலுள்ள குமிழ் மரையினால் பொருத்தப்பட்டது. அதன் அடியிலுள்ள பூட்டு நட்டைத் தளர்த்திவிட்டுக் குமிழை இடப்புறமாகத் திருகிக் கழற்றினார். அடுத்து, உறையின் அடிவிளிம்பைத் தரையோடு அழுத்தி நிற்கும் உலோகச் சட்டத்தின் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு தகர மூடியில் கழற்றிய வரிசைப்படியே வைத்தார். உறையைத் தூக்கியதும் துளையில் ஒரு துணியைச் செருகினார். “ஒரு திருகாணி உள்ளே விழுந்தால் அதைத் தேடுவதற்கே ஒரு நாள் போய்விடும்” என்று அதற்குக் காரணமும் கூறினார்.

தோலுறையின் அடியில் மற்றோர் உறை இருந்தது. அது ரப்பரால் ஆனது. வெடித்து, ஒருபுறம் முற்றும் பிளந்து கிடந்தது. “இதோ வாயில் திறந்திருக்கிறது. மேலே உள்ள தோல் அழகுக்கும் தூசிக்கும் உரியது. தையல் துளைகள் உள்ள தோல் புகையை முற்றும் தடுக்காது. புகையைத் தடுக்க வேண்டியது இந்த ரப்பர். இது சரியில்லாமல் மேலே எத்துணை அழகாகத் தைத்தாலும் பயனில்லை. இதையும்விட முதன்மையானது, புகை எங்கிருந்து கசிகிறது என்று காண்பது. கதவைத் தாழிடுவதற்கு முன் திருடன் வரும் வழியை அடைக்க வேண்டும். இன்றே மெக்கானிக்கிடம் புகைக்குழாயைக் காட்டுங்கள். உறையை நாளைக்குத் தைக்கலாம். அதுவரை கண்ணாடிகளை இறக்கிவிட்டே ஓட்டுங்கள். தாத்தாவை இவ்வண்டியில் ஏற்றாதீர்கள். மருத்துவரிடமும் இதனைச் சொல்லுங்கள்” என்றார் முதியவர்.

இளைஞன் அவ்வாறே செய்தான். எஞ்சினோடு புகைக்குழாய் இணையும் இடத்தில் அடைப்புத் தகடு எரிந்து போயிருந்தது. மெக்கானிக் அதனை மாற்றினார். புதிய ரப்பர் உறையும் இட்டார். மறுநாள் காலையில் இளைஞன் மீண்டும் கடைக்கு வந்தபோது அவனுடைய அவசரம் முழுவதும் அடங்கியிருந்தது. முன்னாள் அழகைத் தேடி வந்தவன், இந்நாள் தொழிலைக் கற்கும் மாணாக்கனாக வந்தான்.

தைப்பதற்கு முன் தோலைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். இதற்குச் சத்துவாச்சாரியைக் காட்டிலும் வாய்ப்பான இடம் அரிது. பாலாற்றை ஒட்டிய இந்நிலப்பரப்பே தமிழ்நாட்டின் தோல் தொழிலுக்குத் தாயகம். கிழக்கே மேல்விஷாரம், இராணிப்பேட்டை, வாலாஜாப்பேட்டை. மேற்கே பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஊர்கள் தொடர்ந்து அமைந்துள்ளன. ஒரே மாவட்டமாக இருந்த இவ்வூர்கள், 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் அடங்கும்.

பச்சைத் தோல் விரைவில் அழுகும் இயல்புடையது. அழுகாமலும் விறைக்காமலும் அதனை நிலைபெறச் செய்வதே பதனிடுதல். உப்பிட்டு வந்த தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு மயிரை நீக்கி, ஒட்டியுள்ள தசையைச் சீவி எடுப்பர். அதன் பின்னர்ப் பதனிடும் முறை இருவகைப்படும். முதலாவது பட்டைமுறை. ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ச்சாற்றில் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்தல் அதன் இயல்பு. காட்டுச் செடியின் பட்டையே தோலுக்கு மருந்தாகும் இம்முறையால் சென்னை மாகாணத்துத் தோல் வெளிநாடுகளில் ‘கிழக்கிந்தியத் தோல்’ எனப் பெயர்பெற்றது. இரண்டாவது குரோம் முறை. குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு, சுழலும் பெரிய உருளைகளில் தோலைப் பதனிடுவர். இம்முறையில் பதனிடும் படி ஓரிரு நாளிலேயே முடியும். அப்பொழுது தோல் நீல நிறம் பெறும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் என்பார் இம்முறையைச் சென்னையில் பரப்ப முயன்றார். பின்னர் அங்கு நிறுவப்பட்ட குரோம் தோல் ஆலையே குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயருக்குக் காரணமாயிற்று. இத்தொழிலின் நுட்பங்களை ஆராய்வதற்கென மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இல் சென்னை அடையாற்றில் தோன்றியது.

முதியவர் இருவகைத் தோலிலும் சிறு சிறு துண்டுகளை வெட்டி, கொதிக்கும் நீரில் இட்டார். சிறிது நேரத்தில் பட்டைமுறைத் தோல் சுருங்கி விறைத்தது. நல்ல குரோம் தோலோ இட்டவாறே கிடந்தது. பச்சைத் தோல் ஏறத்தாழ 65 பாகை வெப்பத்திலும், பட்டைமுறைத் தோல் ஏறத்தாழ 75 முதல் 85 பாகை வெப்பத்திலும் நீரில் சுருங்கிவிடும். நன்கு பதனிட்ட குரோம் தோல் 100 பாகை வெப்பத்தையும் தாங்கும். குரோமியம் தோலின் நார்களை ஒன்றோடொன்று உறுதியாகப் பிணைத்திருப்பதே இதற்குக் காரணம்.

“கியர் பெட்டிக்கு மேலே அடுப்பின் மேல் இருப்பது போல இருக்க வேண்டும், ஒவ்வொரு முறை கோல் அசையும்போதும் வளைந்து கொடுக்கவும் வேண்டும். ஆகவே இதற்கு மெல்லிய குரோம் தோல்தான் ஏற்றது” என்றார் முதியவர். “அப்படியானால் பட்டைமுறைத் தோல் தாழ்ந்ததா, பாய்?” என்று இளைஞன் கேட்டான். “இல்லை தம்பி. செருப்பின் அடித்தோல், இடைவார், பெட்டி ஆகியவை நிமிர்ந்து நிற்க வேண்டும். அவற்றிற்கு அதுவே சிறந்தது. தோலில் உயர்வு தாழ்வு இல்லை, இடம் அறிந்து இடுவதே அறிவு” என்றார் அவர்.

ஒரு மில்லிமீட்டர் அளவு கனமுள்ள மாட்டுத் தோல் ஒன்றை அவர் விரித்தார். ஒரே தோலிலும் எல்லா இடமும் ஒரு தன்மையன அல்ல. முதுகுப் பகுதி நெருக்கமான நார்களை உடையது, வலிமை மிக்கது. வயிற்றுப் பகுதி தளர்ந்தது, இழுத்தால் நீளும். வயிற்றுத் தோலால் செய்த உறை சில திங்களிலேயே தொங்கிப்போகும். ஆகவே முதுகை ஒட்டிய பகுதியிலேயே நான்கு துண்டுகளையும் எடுக்க முடிவு செய்தார்.

அதற்குள் இளைஞன் பழைய உறையைக் குப்பைக் கூடையில் இட்டிருந்தான். முதியவர் அதனைத் திரும்ப எடுத்துத் தூசி தட்டினார். “இதை எறிந்துவிட்டால் புதியதற்கு வழி சொல்வார் யார்?” என்று கேட்டுக்கொண்டே, அதன் தையல்களைச் சிறு கத்தியால் பிரித்தார். பிரிப்பதற்கு முன் துண்டுகளின் உட்புறத்தில் முன், பின், இடம், வலம் என எழுதிக்கொண்டார். பிரித்த துண்டுகளைத் தட்டையாக்கி, அட்டையின்மேல் வைத்து வரைந்தார். மேலே குறுகியும் கீழே அகன்றும் உள்ள நான்கு சரிவகங்கள் கிடைத்தன. பள்ளிக்கூடத்தில் வடிவியலில் கற்ற சரிவகம் வண்டியின் உறையாக நிற்பதைக் கண்டு இளைஞன் மகிழ்ந்தான்.

ஆனால் முதியவர் அவ்வட்டைகளை அப்படியே நம்பவில்லை. அவற்றை ஒட்டி ஒரு காகித உறை செய்து, வண்டியில் வைத்து, கோலை ஒவ்வொரு கியரிலும் இட்டுப் பார்த்தார். இரண்டாம் கியரிலும் நான்காம் கியரிலும் கோல் பின்னோக்கி வரும். அப்பொழுது முன்புறத் துண்டு விறைத்துக் கோலை இழுத்தது. “நான்காம் கியர் தானாகக் கழன்றுவிடுகிறது என்று தாத்தா சொன்னதுண்டா?” என்று கேட்டார். “பலமுறை சொல்லியிருக்கிறார்” என்றான் இளைஞன்.

வெப்பத்தாலும் எண்ணெய்ப் பசை வற்றியதாலும் பழைய உறையின் முன்துண்டு சுருங்கியிருந்தது. இழுத்துப் பிடிக்கும் உறை, கோலை நடுநிலைக்கே திருப்ப முயலும். கியர் முழுதும் பொருந்தாமலோ, ஓட்டத்தின் இடையே கழன்றோ போகக்கூடும். மேட்டில் முன்னும் பின்னும் வண்டிகள் நெருங்க ஏறும்போது கியர் கழன்றால் நேரக்கூடிய இடரைச் சொல்ல வேண்டுவதில்லை. கியர் பெட்டியின் உள்ளே தேய்மானம் இருந்தாலும் இக்குறை தோன்றும். ஆயினும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் உறையைக் கழற்றி ஓட்டிப் பார்த்தல் செலவில்லாத சோதனையாகும். முதியவர் முன்துண்டின் அளவைச் சற்றுக் கூட்டி, கோல் எந்த மூலைக்குச் சென்றாலும் உறை தளர்ந்தே இருக்குமாறு அட்டையைத் திருத்தினார். “பழையது ஆசிரியன் போன்றது, தம்பி. அதனிடம் கற்க வேண்டும். ஆனால் அது செய்த பிழையையும் சேர்த்துப் படியெடுக்கக் கூடாது” என்றார்.

அட்டையைச் சுற்றி 6 மில்லிமீட்டர் தையலுக்கென விட்டு, தோலை வெட்டினார். மடியும் ஓரங்களை உட்புறமாகக் கத்தியால் மெல்லியதாகச் சீவினார். இல்லையெனில் தையல் இடம் தடித்து மடிப்பு விழாது. இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் சேர்த்து, குத்தூசியால் 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டார். துளைகள் மிக நெருங்கினால் அஞ்சல்தலை கிழிவது போலத் தோல் அவ்வரிசையிலேயே கிழியும். மிக அகன்றால் தையல் வாய்பிளக்கும். பருத்தி நூல் வெப்பத்திலும் ஈரத்திலும் நைந்துபோகும் என்பதால், மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூலை எடுத்தார். ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகளைக் கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தி இறுக்கினார். இவ்வாறு தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த தையல்கள் எளிதில் பிரியா.

நான்கு பக்கமும் தைத்த பின், உறை உட்புறம் வெளியே தெரியும்படி இருந்தது. அதனை அப்படியே தலைகீழாகக் கோலில் செருகி, குறுகிய வாயைக் கோலின் மேற்பகுதியில் கட்டினார். பின்னர் உறையைக் கீழ்நோக்கி இழுத்துப் புரட்டினார். கட்டு உள்ளே மறைந்தது. தோலின் முகம் வெளியே வந்தது. இளைஞன் அக்காட்சியைக் கண்டு கைகொட்டினான். முதியவரோ சட்டத்தை வைத்துத் திருகாணிகளை முற்றும் இறுக்காமல், மீண்டும் எல்லாக் கியர்களையும், பின்செலுத்தும் கியரையும் இட்டுப் பார்த்தார். எங்கும் இழுப்பு இல்லை என்று கண்ட பின்னரே எதிரெதிர் மூலைகளாகத் திருகாணிகளை இறுக்கினார். குமிழைத் திருகி, பூட்டு நட்டையும் முடுக்கினார்.

“இதை எப்படிப் பேணுவது, பாய்?” என்றான் இளைஞன். “ஈரத்துணியால் தூசியைத் துடைத்தால் போதும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தொடக் கூடாது. அவை தோலிலுள்ள நெய்ப்பசையை எடுத்துவிடும். தோலுக்கென்று உள்ள களிம்பைச் சில திங்களுக்கு ஒருமுறை மெல்லியதாகப் பூசுங்கள். வேலூர் வெயிலில் வண்டியை மூடி நிறுத்தாதீர்கள், மரநிழல் தேடுங்கள்” என்றார் முதியவர்.

கூலியைக் கொடுத்த பின்னும் இளைஞன் புறப்படவில்லை. மேசைமேல் கிடந்த தோல் நறுக்குகளை அவன் எடுக்கப் போனான். முதியவர் அவற்றை ஒன்றுவிடாமல் ஒரு பையில் இட்டார். “சாவிக்கொத்துக்கும் பைக்கும் ஆகும். ஓர் அங்குலத் தோலையும் வீணாக்க எனக்கு மனம் வருவதில்லை. இதற்காகப் பாலாறு கொடுத்த விலை பெரிது” என்றார்.

அவர் கூற்று உண்மையே. ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் வரை நீர் செலவாகிறது. அந்நீர் உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்து வெளியேறுகிறது. பல ஆண்டுகள் அது தூய்மை செய்யப்படாமலே ஆற்றிலும் வயலிலும் விடப்பட்டது. கிணறுகள் உவர்த்தன, வயல்கள் பயிர் மறுத்தன. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று தீர்ப்பு வழங்கியது. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்னும் ஆய்வினை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கேடு வருமுன் காத்தல் வேண்டும் என்பதும், மாசு செய்தவரே அதற்குரிய விலையைத் தருதல் வேண்டும் என்பதும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று நிலைநாட்டியது. அதன் பின்னர்க் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்கள் பெருகின. எனினும் குறை முற்றும் தீரவில்லை. 30-1-2025 அன்று அந்நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசினைப் பற்றித் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீடு வழங்கவும் ஆற்றை மீட்கவும் ஆணையிட்டது.

ஒருபுறம் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில். மறுபுறம் அதே மக்களுக்கு நீரூட்டும் ஆறு. இவ்விரண்டில் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைக் காத்தல் அறிவுடைமை ஆகாது. இரண்டையும் காக்கும் வழியைத் தேடுவதே இத்தலைமுறையின் கடமை. தோலைத் தொடும் கையைத் தாழ்வாக எண்ணிய காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அவ்வெண்ணம் அறியாமையின் விளைவு. தோலின் நார் ஓடும் திசையை அறிந்து, வெப்பத்தின் அளவை அறிந்து, சரிவகத்தின் அளவை அறிந்து தைக்கும் கை, நூல் கற்றார் கையினும் எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று.

சில நாள் கழித்து ஹெரால்டு மீண்டும் சத்துவாச்சாரி வழியே சென்றது. இம்முறை முன்னிருக்கையில் தாத்தா அமர்ந்திருந்தார். கடை முன் வண்டி நின்றது. “பாய், ஆம்பூர் போய் வருகிறோம். தலைவலி இல்லை” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். முதியவர் பதிலுக்குக் கையை உயர்த்திவிட்டு, தம் ஊசியில் மீண்டும் நூலைக் கோக்கலானார்.

பயிற்சி வினாக்கள்

1. கியர்க் கோலுக்கு உறை ஏன் வேண்டும்?
2. உறையைத் தைப்பதற்கு முன் புகைக்குழாயைப் பார்க்குமாறு முதியவர் கூறியது ஏன்?
3. பட்டைமுறைத் தோலுக்கும் குரோம் தோலுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
4. “பழையது ஆசிரியன் போன்றது” என்னும் கூற்றை இடம் சுட்டி விளக்குக.
5. தோல் தொழிலையும் பாலாற்றையும் ஒருங்கே காப்பதற்குச் செய்யத்தக்கன யாவை? உம் கருத்தை ஒரு பக்கத்தில் எழுதுக.